பல்வலி நின்ற பிறகுதான் பெரிய தவறு நடக்கிறது

ராத்திரி பதினொரு மணிக்குப் பல்வலி வந்தால் நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். வாயில் ஒரு கிராம்பு, ஒரு வலி மாத்திரை, விடிந்ததும் மெடிக்கல் ஷாப்பில் "பல்வலிக்கு ஏதாவது கொடுங்க". மூன்று நாளில் வலி அடங்கும். டாக்டரிடம் போகும் யோசனையும் அதோடு அடங்கிவிடும். பல்வலியில் செய்யும் தவறுகளிலேயே பெரியது இதுதான்.

ஏன் என்று புரிய, பல்லுக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும். மேல் ஓடான எனாமலுக்கு நரம்பு கிடையாது. சொத்தை அதைத் தின்னும்வரை ஒன்றும் தெரியாது. அதற்கு அடியில் இருக்கும் டென்டினில் நுண்ணிய குழல்கள் உண்டு. சொத்தை அங்கே எட்டியதும் ஐஸ்கிரீமும் இனிப்பும் பட்டால் சுரீர் என்று இழுக்கும், சில வினாடிகளில் போய்விடும். இந்தக் கட்டத்தில் போனால் சொத்தையைச் சுரண்டி எடுத்து அடைத்துவிடுவார்கள். பெரும்பாலும் ஒரே நாளில் வேலை முடியும்.

விட்டுவிட்டால் கிருமிகள் பல்லின் நடுவே உள்ள கூழுக்குப் போகும். நரம்பும் ரத்தக்குழாயும் இருப்பது அங்கேதான். சுற்றிலும் கெட்டியான சுவர், வீங்க இடமில்லை. அதனால்தான் விண்விண் என்று தெறிக்கிறது. படுத்தால் தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூடுவதால் இரவில் இன்னும் மோசம். சூடான காபி பட்டால் உயிர் போகும். சிலருக்குக் குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்திருந்தால்தான் கொஞ்சம் அடங்கும். தானாகக் கிளம்பி, மணிக்கணக்கில் நிற்கிற வலி என்றால் அந்த நரம்பு இனிப் பழையபடி தேறாது என்று அர்த்தம். கொஞ்ச நாளில் அது செத்துப்போகும். வலி நின்றுவிடும். "மாத்திரை கேட்டுடுச்சு" என்று நாம் சந்தோஷப்படுவது பல நேரம் இந்தச் சமயத்தில்தான்.

செத்த கூழில் கிருமிகள் நிம்மதியாகப் பெருகி, வேர்நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கும். மாதங்கள் கழித்து, கடித்தால் வலி, ஈறில் சீழ்க்கொப்புளம், கன்ன வீக்கம் என்று திரும்பி வரும்.

இங்கே அடுத்த தவறு: ஆன்டிபயாடிக். மிச்சம் மீதி அமாக்சிசிலினை வீட்டில் தேடி எடுத்துப் போடுகிறவர்கள் நிறைய. மருந்து ரத்தத்தோடுதான் போக வேண்டும். செத்துப்போன கூழுக்கு ரத்த ஓட்டமே இல்லை. பிறகு எப்படிப் போய்ச் சேரும்? அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், உடல் நலமுள்ள பெரியவர்களின் பெரும்பாலான பல்வலிகளுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம், பல்லுக்கான சிகிச்சையைச் செய்யுங்கள் என்றே சொல்கிறது. காய்ச்சல், பரவும் வீக்கம் இருந்தால் கதை வேறு. அதை டாக்டர் முடிவு செய்யட்டும். வலிக்கு பாராசிட்டமாலோ இபுப்ரோஃபெனோ போதும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், டெங்கு சந்தேகம் இருப்பவர்களும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் இரண்டையும் கேட்காமல் தொடக் கூடாது.

கிராம்பை நான் குறை சொல்ல மாட்டேன். அதிலுள்ள யூஜெனால் உண்மையிலேயே மரக்கச் செய்யும். துத்தநாக ஆக்சைடோடு கலந்து பல் மருத்துவர்களே தற்காலிக அடைப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். கிராம்புத் தைலத்தை அப்படியே ஈறில் ஊற்றினால் வெந்துவிடும், அவ்வளவுதான். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் அடக்கிக்கொள்வதும் இதே ரகம். புகையிலையை அடக்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கண்டங்கத்திரி விதைப் புகையில் "பூச்சி" விழும் என்பார்கள். பல்லில் பூச்சியே இல்லை, இருப்பது பாக்டீரியா. வீங்கிய கன்னத்துக்கு ஒத்தடம் என்றால் சூட்டை விடுங்கள், துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள்.

"மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும்" என்று பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பார்வை நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு. உண்மையில் தள்ளிப்போடுவதால்தான் சிரமம் கூடும்: சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை அதிகம் என்பதால் மரப்பு ஊசி சரியாக வேலை செய்யாது. "ஊசி போட்டும் வலிச்சுது" என்பவர்களில் பலர் கடைசி நேரத்தில் போனவர்களாக இருப்பார்கள்.

ரூட் கேனால் என்ற பெயருக்கே பலர் நடுங்குகிறார்கள். செய்வது இதுதான்: மரக்க வைத்து, பல்லில் சிறு துளை போட்டு, கெட்டுப்போன கூழை மெல்லிய ஃபைல்களால் எடுத்து, வேர்க்குழாய்களை மருந்து நீரால் கழுவி, கட்டா பெர்ச்சா என்ற மரப்பால் பொருளால் அடைக்கிறார்கள். தவறு நடப்பது அதற்குப் பிறகு. வலிதான் இல்லையே என்று மேல் துளையில் வைத்த தற்காலிக அடைப்போடு நின்றுவிடுவோம். அது தேய்ந்து, எச்சில் உள்ளே போய், கிருமி திரும்பக் குடியேறும். கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) போடாத கடைவாய்ப் பல் ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது பிளந்துபோகலாம். வேர்வரை பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழி இல்லை. செலவுதான் தடை என்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் பல் பிரிவிலும் முதலில் விசாரியுங்கள்.

பிள்ளைகளின் சொத்தையை "விழப்போற பல்தானே" என்று விடுவதும் தப்பு. கடைவாய்ப் பால்பற்கள் விழப் பத்து, பன்னிரண்டு வயதாகும். முன்னாலேயே போனால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குச் சாய்ந்து, நிரந்தரப் பல் கோணலாக முளைக்கும்.

பல்லை எடுத்த பிறகு: பஞ்சைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும், அன்றைக்குக் கொப்பளிப்பதும், துப்பிக்கொண்டே இருப்பதும், ஸ்ட்ராவில் உறிஞ்சுவதும், சிகரெட்டும் கூடாது. குழியில் உறைந்த ரத்தக்கட்டி கழன்றால் இரண்டு மூன்று நாளில் காதுவரை வலி பாயும். அப்படி ஆனால் மறுபடி போய் மருந்து வைத்துக்கொள்ள வேண்டும். இதய நோய்க்கு ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பல் எடுக்கப் போகிறோம் என்று தாங்களாக அதை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது.

எல்லா வலியும் பல்லிலிருந்து வருவதில்லை. சைனஸ் அடைத்தால் மேல் கடைவாய்ப் பற்கள் வரிசையாக வலிக்கும், குனிந்தால் கூடும். கன்னத்தைத் தொட்டாலே ஷாக் அடிப்பதுபோல் சில வினாடி தாக்கினால் முக நரம்புக் கோளாறாக இருக்கலாம். இது தெரியாமல் நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு. படி ஏறும்போது தாடை வலித்து, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறதா, நேராக இதய டாக்டரிடம் போங்கள். உட்கார்ந்தும் விடாமல் வியர்வை, மூச்சுத்திணறலோடு வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். தாடைக்கு அடியில் வீங்கி, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனாலும், நாக்கு மேலே தூக்கினாலும் கிளினிக் திறக்கக் காத்திருக்காதீர்கள். அந்த வீக்கம் மூச்சுக்குழலை அடைத்துவிடும். ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.