மாத்திரையை நிறுத்திய பிறகு வரும் மூன்றாவது மாதம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எனக்கு மருந்துக்கடை. இருமல் டானிக் வேண்டுமென்றால் ரோட்டில் நின்றே சத்தமாகக் கேட்பார்கள். முடி மாத்திரை என்றால் மட்டும் கடையில் கூட்டம் குறையும்வரை பைக்கிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் எட்டு வருஷமாக அப்படித்தான் டாக்டர் சீட்டோடு வந்து, வழுக்கை விழாமல் இருக்கச் சாப்பிடும் ஃபினாஸ்டிரைடு 1 மி.கி. மாத்திரையை வாங்கிப் போகிறார். ஆடிப் பண்டிகை சமயத்தில் வந்தவர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "ஏனுங்கண்ணா, இதை விட்டுட்டா உள்ளதும் போயிருங்களா?"

உள்ளது போகாது, மருந்து பிடித்து வைத்திருந்தது போகும். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன், முடி வேரைச் சுருக்கும் டிஹெச்டி ஆக மாறுவதை இந்த மாத்திரை தடுக்கிறது. ரத்தத்தில் டிஹெச்டி சுமார் 70 சதவீதம் குறையும். நிறுத்தினால் இரண்டு வாரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். மருந்தால் நின்ற முடி ஒரு வருஷத்துக்குள் மெலிந்து உதிரும். மருந்தே தொடாமல் இருந்திருந்தால் தலை இன்று எப்படி இருந்திருக்குமோ, கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நிற்கும், அதைவிட மோசமாகாது. ஆனால் எட்டு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்க வேண்டியது ஒரே வருஷத்தில் போவதால், மாத்திரைதான் வழுக்கையாக்கிவிட்டது என்று தோன்றும்.

நான் பார்த்தவரை, பெரும்பாலானவர்கள் நாள் கணக்கில்தான் ஏமாறுகிறார்கள். வேர் ஓய்வுக்குப் போன முடி உடனே விழாது. ஏறக்குறைய மூன்று மாதம் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். இன்று சீப்பில் வருவது மூன்று மாதத்துக்கு முன் நடந்ததற்கான கணக்கு. இது தெரியாததால் "ரெண்டு மாசம் ஆச்சு, ஒண்ணும் ஆகலை" என்று தெம்பாகச் சொல்லிவிட்டுப் போனவர்கள் பலர்.

ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலைக்குப் போன ஒரு பையன் இப்படித்தான் ஏமாந்தான். சேலத்து போர் தண்ணிதான் முடியைக் கொட்டவைக்கிறது என்பது அவன் முடிவு. மலைக்குப் போனதும், முடி வளரத் தலையில் தடவிவந்த மினாக்சிடில் மருந்தை விட்டான். முதல் இரண்டு மாதம் முடி ஜோராக இருந்ததால் மலைத் தண்ணிக்கு நன்றி சொன்னான். அடுத்த முறை இறங்கி வந்தபோது, சேலத்து வெயிலிலும் குல்லாவைக் கழற்றவில்லை. உப்புத் தண்ணி முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்காக்கும். ஆனால் பரம்பரையாக வரும் வழுக்கைக்குத் தண்ணி மேல் பழி போட முடியாது. மினாக்சிடிலை விட்டால் மூன்று, நான்கு மாதத்தில் உதிரத் தொடங்கும், மேட்டூர் தண்ணியில் குளித்தாலும் சரி.

கல்யாண விஷயத்தில் இது இன்னும் மோசம். ஐப்பசியில் நிச்சயமானதும் "இனி எதுக்கு மாத்திரை" என்று நிறுத்துவார்கள். தை முகூர்த்தத்துக்கு ஆல்பம் எடுக்கும்போது சரியாக உதிர்வு ஆரம்பித்திருக்கும்! நிறுத்துவதென்றால் முன்பே நிறுத்தி ஒரு வருஷம் பார்க்கலாம், இல்லையென்றால் கல்யாணம் முடிந்து நிறுத்தலாம். குழந்தைக்கு முயற்சி செய்வதற்காக நிறுத்துபவர்களும் உண்டு. விந்தணு உருவாகவும் இரண்டரை மாதம் போல ஆகும் என்பதால் அதையும் டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

மாத்திரை, மினாக்சிடில் இரண்டையும் ஒரே நாளில் தூக்கிப் போடாதீர்கள். பிறகு எதை விட்டதால் கொட்டுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. டெங்கு, டைபாய்டு வந்து எழுந்த கையோடு நிறுத்துவதும் இதே குழப்பம்தான். காய்ச்சல் வந்து இரண்டு, மூன்று மாதம் கழித்து எப்படியும் கொத்தாக உதிரும். அது தானாகத் திரும்பி வரும். மினாக்சிடிலை மாத்திரையாகச் சாப்பிடுபவர்கள் கேட்காமல் நிறுத்தவே வேண்டாம். அது அடிப்படையில் பிரஷர் மருந்து.

"பாதி மாத்திரை போட்டுக்கிறேன், பக்கவிளைவும் பாதியாகும்" என்பது இன்னொரு கணக்கு. ஃபினாஸ்டிரைடு 0.2 மி.கி. கூட ரத்தத்தில் உள்ள டிஹெச்டியை 1 மி.கி. குறைக்கும் அளவுக்கு நெருக்கமாகக் குறைத்துவிடும். பாதி விலை மிச்சமாகலாம், பக்கவிளைவு பாதியாகும் என்று நம்ப முடியாது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் மாத்திரையை உடைக்கவே கூடாது. அந்தத் தூள் பட்டால் ஆண் சிசுவின் வளர்ச்சியைப் பாதிக்கலாம். மீந்த அட்டையைத் தம்பிக்குக் கொடுப்பதும் வேண்டாம். இதே வகை மாத்திரையான டூட்டாஸ்டிரைடு சாப்பிடுபவர்களுக்குக் கணக்கே வேறு. உடம்பில் அது பாதியாகக் குறையவே ஐந்து வாரம் போல ஆகும் என்பதால், நிறுத்தி 6 மாதம்வரை ரத்ததானம் செய்யக்கூடாது.

ஃபினாஸ்டிரைடைப் பக்கவிளைவுக்காக நிறுத்துபவர்களிடம் மேலே சொன்ன எந்தக் கணக்கையும் நான் சொல்வதில்லை. ஆசை குறைவது, விறைப்பு குறைவது சிலருக்கு நடக்கிறது. நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நிறுத்திய பிறகும் தொடர்ந்ததாக வந்த புகார்களை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2012-இல் மருந்துக் குறிப்பில் சேர்த்தது. தற்கொலை எண்ணம் வருவதும் இதன் பக்கவிளைவு என்று ஐரோப்பிய மருந்துகள் முகமை 2025-இல் உறுதிப்படுத்தியது. ஆகவே மனசு காரணமில்லாமல் இருண்டு போனால் முடியைப் பற்றி யோசிக்காமல் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். மனைவிக்கே தெரியாமல் வருஷக்கணக்கில் சாப்பிடுபவர்கள்தான் இந்த இடத்தில் தனியாக மாட்டிக்கொள்கிறார்கள்.

மருந்தை விட்ட பயத்தில் ஓடிப்போய் பயோட்டின் வாங்குகிறார்கள். எனக்கு வியாபாரம்தான், ஆனால் உடம்பில் பயோட்டின் குறைவு இல்லாதவருக்கு அது முடியைப் பிடித்து வைக்காது. அதோடு தைராய்டு போன்ற சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவையும் தப்பாகக் காட்டிவிடும். ஐம்பதைத் தாண்டியவர்கள் இன்னொன்றையும் மறக்கக்கூடாது: பிராஸ்டேட் புற்றுநோய்க்காக ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவை ஃபினாஸ்டிரைடு பாதியாகக் குறைத்துக் காட்டும். பிராஸ்டேட் பரிசோதனைக்குப் போகும்போது இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லாமல் விட்டால் "எல்லாம் நார்மல்" என்று வரும் ரிப்போர்ட்டை நம்ப முடியாது.

பட்டறைக்காரருக்குப் பக்கவிளைவு எதுவும் இல்லை, சலித்துவிட்டது, அவ்வளவுதான். டாக்டரிடம் பேசிவிட்டு நிறுத்தினார். நிறுத்திய அன்றே பட்டறை டியூப்லைட்டுக்கு அடியில் வகிடு எடுத்து, உச்சி, முன்நெற்றி, பக்கவாட்டு என்று நாலு போட்டோ எடுக்கச் சொன்னேன். மாதாமாதம் அதே விளக்கு, அதே சீப்பு, எண்ணெய் தடவாத தலை. மனசு மாறினால் முதல் சில மாதத்துக்குள் திரும்ப ஆரம்பித்தால்தான் போனதைப் பிடிக்க வாய்ப்பு அதிகம். வருஷக்கணக்கில் விட்டால் எல்லாம் திரும்பாது. உதிர்வு ஆரம்பித்ததைச் சீக்கிரம் கண்டுபிடிக்க இந்தப் போட்டோ போதும். கண்ணாடி தினமும் ஒரே முகத்தைத்தான் காட்டும்.

போன வாரம் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வந்தார். பைக்கில் காத்திருக்கவில்லை, நாலு பேர் இருக்கும்போதே கவுன்ட்டரில் தலையைக் குனிந்து காட்டினார்.

"பாருங்கண்ணா, அப்படியேதான் இருக்கு!"

"நாப்பது நாள்தானே ஆச்சு," என்றேன். "தீபாவளி கழியட்டும்."