உயர்நிலை நிரல்மொழியின் உள்ளே எட்டிப் பார்க்க ஓர் எளிய வழி

கணினியின் செயலி அறிந்தது 0, 1 எனும் குறிகளாலான இயந்திர மொழி மட்டுமே. நமக்குப் புரியும் சொற்களிலும் கணிதக் குறிகளிலும் நாம் எழுதுவதை அதற்கேற்ப மாற்றும் பொறுப்பைக் கம்பைலர் போன்ற மென்பொருளிடம் விடுபவையே உயர்நிலை மொழிகள். ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பாக்கஸ் தலைமையிலான குழு 1957இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் இவற்றுள் மூத்த ஒன்று.

இந்த வரையறையை மனப்பாடம் செய்வதைவிடக் கண்ணால் பார்த்துவிடுவது மேல். இரண்டு மாறிகளைக் கூட்டும் சிறிய சி மொழி நிரலை எழுதி, ஜிசிசி என்ற கம்பைலரை இயக்கும் கட்டளையில் கோப்பின் பெயருக்கு முன்பாக ஒரு சிறுகோட்டையும் ஆங்கில 'எஸ்' எழுத்தையும் இடைவெளியின்றிச் சேருங்கள் (பெரிய எழுத்தாக இருக்க வேண்டும், சிறியதை இட்டால் விளைவு வேறு). கிடைக்கும் புதிய கோப்பைத் திறந்தால், நீங்கள் ஒரே வரியில் எழுதிய கூட்டல், மதிப்பைப் பதிவகத்துக்கு (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) நகர்த்துதல், கூட்டுதல், விடையை நினைவகத்தில் வைத்தல் எனப் பல அசெம்பிளி வரிகளாக (இயந்திர மொழிக் கட்டளைகளை எழுத்தில் காட்டும் வடிவம்) விரிந்திருப்பதைக் காணலாம். அதே நிரலை வேறு வகைச் செயலியுள்ள கணினியில் (உங்களுடையது இன்டெல் வகை என்றால், ஏஆர்எம் வகையில்) இதே கட்டளையால் மாற்றினால் அந்த வரிகள் மாறிவிடும். உங்கள் சி வரி மாறாது.