டிக் சத்தத்தை நம்பாதீர்கள்: மின்சார காரில் ரிலே மாற்றியது

குன்னூரில் விடாத மழை. பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தும் கார் கிளம்பவில்லை. மின்சார காரிலும் கம்ப்யூட்டர்களை எழுப்புவது, பெரிய பேட்டரியை இணைக்கும் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்சை இழுப்பது எல்லாம் சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். அதை அளந்தேன், 12.6, சரி.

அப்புறம் ஃபியூஸ் பெட்டி. அதில் ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சின்ன சுவிட்ச், 'டிக்' என்றது. ஆனால் அதன் உள்ளே வரும் பின்னான 30-இல் இருந்த மின்சாரம், வெளியே போகும் பின்னான 87-க்கு வரவில்லை. சத்தம் கேட்டால் ரிலே நல்லது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 85, 86 பின்களுக்கு நடுவே உள்ள கம்பிச் சுருள் (காயில்) சுவிட்சை இழுத்தாலும், உள்ளே தொடும் முனை கருகியிருக்கலாம். அதே எண் போட்ட ஹாரன் ரிலேயைப் பிடுங்கிச் செருகினேன், கார் எழுந்தது.

ஹாரன் இல்லாமல் பர்லியார் மலைப்பாதை வளைவுகளில் இறங்க முடியுமா? கோவையிலிருந்து புதியதை வரவழைத்து, 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டுப் பொருத்தினேன். ஆரஞ்சு ஒயர் பக்கம் மட்டும் கை வைக்காதீர்கள். அது உயிரை எடுக்கும் வோல்டேஜ்.