சிங்கப்பூரில் வேலை பாஸில் இருக்கிறீர்களா? பங்குத் தரகரைத் தேர்ந்தெடுக்கும் வழி

வேலை பாஸில் சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு மத்திய சேமநிதி கிடையாது. முதலாளி போடுவதும் இல்லை, நம் சம்பளத்தில் பிடிப்பதும் இல்லை. நாமே சேர்த்தால்தான் பிற்காலத்துக்கு ஏதாவது மிஞ்சும். ஊருக்கு அனுப்பியது போக மிச்சமிருக்கும் வெள்ளியைப் பங்கிலோ இடிஎஃப்பிலோ (பல பங்குகளை ஒன்றாகத் தொகுத்து, பங்கைப் போலவே சந்தையில் விற்கும் நிதி) போட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இணையத்தில் கிடைக்கும் தரகர் ஒப்பீடுகள் பெரும்பாலும் இங்கேயே இருக்கப் போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. எங்கே கட்டணம் குறைவு, எங்கே சேர்ந்தால் இலவசப் பங்கு என்பதோடு அவை முடிந்துவிடும். பாஸில் இருப்பவர் முதலில் கேட்க வேண்டியது வேறு: பாஸ் முடிந்து நான் இந்த நாட்டை விட்டுப் போனால் இந்தக் கணக்கு என்ன ஆகும்?

1. உரிமத்தைப் பாருங்கள்

இதற்கு ஐந்து நிமிடம் போதும், ஆனால் தவறவிடக் கூடாது. சிங்கப்பூரில் தரகு நடத்த, சிங்கப்பூர் நாணய ஆணையம் தரும் மூலதனச் சந்தைச் சேவை உரிமம் இருக்க வேண்டும் (வங்கி போன்ற சில நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு). ஆணையத்தின் இணையத்தளத்தில் நிதி நிறுவனங்களின் விவரத்தொகுப்பு இருக்கிறது. தரகரின் பெயரை அதில் தேடி, அங்கே உள்ள இணைய முகவரியும் உங்கள் கையில் இருக்கும் முகவரியும் ஒன்றுதானா என்று பாருங்கள். பெரிய நிறுவனத்தின் பெயரில் போலிச் செயலி நடத்துபவர்கள் இருக்கிறார்கள். அதே தளத்தில் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலும் உண்டு. டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் யாராவது ஒரு தளத்தைச் சொல்லி, தனி நபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

2. போகும்போது என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள்

நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இங்கேதான். வெளிநாட்டவர் ஒருவர் வேலையை விட்டால், முதலாளி குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே ஐஆர்21 என்ற வரித் தீர்வுப் படிவத்தை வரி ஆணையத்துக்குக் கொடுத்து, தர வேண்டிய சம்பளத்தை நிறுத்தி வைக்க வேண்டும். பாஸ் ரத்தானதும் தங்குவதற்கு வழக்கமாக 30 நாள் குறுகிய காலப் பாஸ் கிடைக்கும். வீட்டைக் காலி செய்வது, பிள்ளைகளின் பள்ளி, சாமான் அனுப்புவது எல்லாம் அந்த நாட்களுக்குள்தான். அந்த நேரத்தில் தரகரிடமிருந்து “நீங்கள் போகும் நாட்டில் வசிப்பவர்களுக்கு நாங்கள் சேவை தருவதில்லை, விற்றுவிட்டுக் கணக்கை மூடுங்கள்” என்று மின்னஞ்சல் வந்தால், சந்தை இறங்கிக் கிடந்தாலும் விற்க வேண்டியதுதான்.

அதனால் கணக்குத் தொடங்கும் முன்பே வாடிக்கையாளர் சேவைக்கு இந்தக் கேள்விகளை அனுப்புங்கள். முகவரியை இந்தியாவுக்கோ இலங்கைக்கோ மாற்றினால் கணக்கு தொடருமா? தொடர்ந்தால் புதிதாக வாங்க முடியுமா, விற்க மட்டும்தானா? பங்குகளை வேறு தரகருக்கு மாற்ற எவ்வளவு கட்டணம்? சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசின் மின்னடையாளம்) இல்லாமல் உள்நுழைய முடியுமா? சிங்கப்பூர் கைபேசி எண் இல்லாவிட்டால் ஓடிபி எப்படி வரும்? கடைசி இரண்டும் சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் பணம் பத்திரமாக இருந்தும் எட்ட முடியாத நிலை அதில்தான் வருகிறது.

இந்தியா திரும்புகிறவர்களுக்கு ஒரு விவரம். வெளிநாட்டில் வசித்தபோது வாங்கிய பங்குகளைத் திரும்பிய பின்னும் வைத்திருக்க ஃபெமா என்ற இந்திய அந்நியச் செலாவணிச் சட்டத்தின் 6(4) பிரிவு அனுமதிக்கிறது. ஆகவே சட்டம் விற்கச் சொல்லவில்லை, தரகர்தான் சொல்லக்கூடும். ஆனால் வரிக் கணக்கில் முழு வசிப்பாளர் ஆனதும், அந்தப் பங்குகளை வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துக்கான ‘எஃப்ஏ’ அட்டவணையில் காட்டியே ஆக வேண்டும். தரகரின் பழைய கணக்கு அறிக்கைகளைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3. பங்கு யார் பெயரில் இருக்கும்?

சிங்கப்பூரில் இரண்டு வகை உண்டு. சிடிபி என்ற மத்திய வைப்பகத்தில் உங்கள் பெயரிலேயே கணக்கு தொடங்கினால், சிங்கப்பூர்ச் சந்தையில் வாங்கும் பங்குகள் நேராக உங்கள் பெயரில் இருக்கும். வெளிநாட்டவரும் தொடங்கலாம். இந்த வழியில் குறைந்தபட்சக் கட்டணம் பெரும்பாலும் ஒரு வர்த்தகத்துக்கு 25 வெள்ளியை ஒட்டி இருக்கும். இன்னொரு வகை, தரகரின் பாதுகாப்புக் கணக்கு. இதில் பங்கு தரகரின் ஏற்பாட்டில், வாடிக்கையாளர் சொத்து என்று தனியாகப் பிரித்து வைக்கப்படும். கட்டணம் மிகக் குறைவு. அமெரிக்க, லண்டன் பங்குகளுக்கு நடைமுறையில் இதுதான் வழி.

வங்கி வைப்புக்கு இருக்கும் ஒரு லட்சம் வெள்ளிக் காப்புறுதி பங்குகளுக்குப் பொருந்தாது. இரண்டாவது வகையை எடுத்தால் ‘கேஷ்’ கணக்காகவே தொடங்குங்கள். கடன் வாங்கி வர்த்தகம் செய்யும் ‘மார்ஜின்’ கணக்கு புதியவருக்குத் தேவையில்லை.

4. என்ன வாங்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டு வாருங்கள்

தரகரை முதலில் பிடித்துவிட்டு, அவர் என்ன தருகிறாரோ அதை வாங்குவது தலைகீழ் வேலை. உலகச் சந்தை முழுவதையும் தழுவும் இடிஎஃப் ஒன்றை மாதாமாதம் வாங்குவது என்று வைத்துக்கொள்வோம். அது அமெரிக்காவில் பதிவானது என்றால், சிங்கப்பூர் வசிப்பாளருக்கு வரும் ஈவுத்தொகையில் 30 விழுக்காட்டை அமெரிக்கா பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் இரு நாடுகளுக்கும் இடையே வரி ஒப்பந்தம் இல்லை. அயர்லாந்தில் பதிவாகி லண்டன் சந்தையில் விற்கும் இடிஎஃப் என்றால், அமெரிக்கப் பங்குகளின் ஈவுத்தொகைக்கு நிதியின் அளவிலேயே 15 விழுக்காடுதான் போகும்.

இன்னொன்று இதைவிடப் பெரியது. அமெரிக்கர் அல்லாத, அங்கே வசிக்காத ஒருவர் இறந்துபோனால், அவருடைய அமெரிக்கச் சொத்து 60,000 டாலரைத் தாண்டும்போது அங்கே மரபுரிமை வரி வரும். அது 40 விழுக்காடு வரை போகலாம். அமெரிக்கப் பங்குகளும் அங்கே பதிவான இடிஎஃப்களும் இந்தக் கணக்கில் சேரும், அயர்லாந்து இடிஎஃப் சேராது. நீண்ட காலம் சேர்க்கப் போகிறவர், லண்டன் சந்தையில் வாங்க வசதி தரும் தரகரைத்தான் பட்டியலில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சில செயலிகளில் அமெரிக்கா, ஹாங்காங், சிங்கப்பூர் மட்டுமே இருக்கும்.

5. கட்டணத்தை முழுதாகக் கூட்டுங்கள்

விளம்பரத்தில் வருவது தரகுக் கட்டணம் மட்டும். நாணயம் மாற்றும்போது போவது கண்ணில் படாது. மாதம் 1,000 வெள்ளியை டாலராக மாற்றுகிறீர்கள் என்று வையுங்கள். தரகு 2 வெள்ளி, நாணய மாற்றில் அரை விழுக்காடு போகிறது என்றால் அது 5 வெள்ளி. ஆண்டுக்குத் தரகு 24, நாணய மாற்று 60. ஆகவே ஒரே நேரத்தில் தரகர் தரும் மாற்று விகிதத்தையும் சந்தை விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணம், பணம் எடுக்கும் கட்டணம், கட்டணங்களின் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி.

6. ஆவணங்களும் பெயரும்

கடவுச்சீட்டு, பாஸ், எஃப்ஐஎன் என்ற வெளிநாட்டவர் அடையாள எண், முகவரிச் சான்று. சிங்பாஸ் வழியாக மைஇன்ஃபோ (அரசிடம் உள்ள உங்கள் தனிவிவரம்) போனால் வேலை எளிது. அறையைப் பகிர்ந்து வாடகைக்கு இருப்பவர்களிடம் தம் பெயரில் மின்கட்டண ரசீது இருக்காது. அதற்குப் பதிலாக அண்மைய வங்கி அறிக்கையை ஏற்பார்களா என்று கேளுங்கள்.

நம்மவர்களுக்கு வரும் தனிச் சிக்கல் பெயர்தான். கடவுச்சீட்டில் தந்தை பெயர் முழுதாக இருக்கும், வங்கியில் முதலெழுத்து மட்டும் இருக்கும், பாஸில் வரிசை மாறியிருக்கும். அடுத்தவர் கணக்கிலிருந்து வரும் பணத்தைத் தரகர்கள் ஏற்பதில்லை, பெயர் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம். முதலில் வங்கிக்குப் போய் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரைத் திருத்திவிட்டு விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பத்தில் வரி வசிப்பிடம் கேட்பார்கள். குடியுரிமை எந்த நாடு என்று அவர்கள் அங்கே கேட்கவில்லை, வரி எங்கே கட்டுகிறீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தில் மட்டும் குடியுரிமை நாட்டையும் தனியாகக் கேட்பார்கள். அந்தப் படிவம் கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பிறகு வரும் மூன்றாம் ஆண்டின் கடைசி நாள் வரை செல்லும். இடையில் நாடு மாறினால் 30 நாளுக்குள் தரகரிடம் சொல்ல வேண்டும்.

7. சின்னத் தொகையில் சோதனை

இதற்குள் இரண்டு பேர்தான் பட்டியலில் மிஞ்சியிருப்பார்கள். கேள்விகளுக்கு எழுத்தில் தெளிவாகப் பதில் தந்தவரை எடுங்கள். 200 வெள்ளி போட்டு, பாதியை டாலராக மாற்றி, திரும்பவும் வெள்ளியாக்கி, முழுவதையும் உங்கள் வங்கிக் கணக்குக்கே எடுத்துப் பாருங்கள். எத்தனை நாளில் வந்தது, எவ்வளவு குறைந்து வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனை சரியாக வந்தால் மாதாந்திரத் தொகையைத் தொடங்கலாம். கூடவே தரகரின் பெயர், கணக்கு எண், சேவை மின்னஞ்சல் மூன்றையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். உயிலும் எழுதி வையுங்கள். இந்திய டிமேட் கணக்கில் நாமினி எழுதுவது போன்ற ஏற்பாடு இங்கே பொதுவாக இல்லை, வாரிசுகளிடம் நீதிமன்ற ஆணை கேட்பார்கள்.