லாக்ஸ்னஸின் வாரிசு என்று எழுதும் முன்

ஐஸ்லாந்து நாவல் ஒன்று மொழிபெயர்ப்பில் வந்துவிட்டால் போதும், மதிப்புரையின் இரண்டாவது பத்தியிலேயே ஹால்டோர் லாக்ஸ்னஸ் வந்து உட்கார்ந்துவிடுவார். 1955இல் இலக்கியத்துக்கான நோபல் பெற்றவர். அந்த நாட்டில் வேறு எந்த எழுத்தாளருக்கும் இதுவரை அது கிடைக்கவில்லை. ஆகவே பெயரைச் சொல்வதில் பிழையில்லை. எதை வைத்துச் சொல்கிறோம் என்பதில்தான் சறுக்குகிறோம்.

முதல் சறுக்கல், நிலத்தைப் பார்த்துவிட்டுத் தாக்கம் என்று சொல்வது. பனி, ஆட்டுமந்தை, கடன், வீம்பு பிடித்த குடியானவன் எல்லாம் இருந்தால் உடனே லாக்ஸ்னஸ் சாயல் என்று எழுதிவிடுகிறோம். அவருக்கு நான்கு வயது இருக்கும்போதே, 1906இல், யோன் டிரௌஸ்டி என்ற எழுத்தாளர் 'ஹல்லா' நாவலை வெளியிட்டுவிட்டார். மேட்டுநிலப் பண்ணைகளின் ஏழ்மையை அதிலும் அதைத் தொடர்ந்த நாவல்களிலும் எழுதினார். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசும் பாத்திரங்களோ அதைவிடப் பழையவர்கள். சாகாக்கள் எனப்படும் பதின்மூன்றாம் நூற்றாண்டு உரைநடைக் கதைகளிலேயே அப்படித்தான் பேசுகிறார்கள். இன்றைய எழுத்தாளர் சாகாவிலிருந்து நேராக எடுத்ததை லாக்ஸ்னஸ் கணக்கில் வரவு வைக்கக் கூடாது.

அவருக்கும் சாகாக்களுக்கும் இருந்த உறவே வம்பு வழக்கோடு கலந்தது. 1941இல் லக்ஸ்டைலா சாகாவை நவீன எழுத்துக்கூட்டலில் பதிப்பித்தார். புனிதத்தைக் கெடுக்கிறார் என்று கூச்சல் கிளம்பி, பழம்பிரதிகளைப் பதிப்பிக்கும் உரிமையை அரசிடம் கொடுக்கும் சட்டமே வந்தது. அவர் அடங்கவில்லை, மறு ஆண்டே இன்னொரு சாகாவை வெளியிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1943இல் விடுதலையானார். 1952இல் வந்த 'கெர்ப்லா' நாவலில் சாகா வீரர்களையே கேலிக்கூத்தாக்கினார்.

இதைவிடப் பெரிய தவறு, அவருடைய 'சுதந்திர மக்கள்' (1934–35) நாவலின் பியார்தூரை ஹீரோவாகப் படிப்பது. பதினெட்டு ஆண்டுகள் அடுத்தவன் பண்ணையில் உழைத்து, பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் ஒரு நிலத்தை வாங்குகிறான். யாருக்கும் கடன்படாமல் வாழ வேண்டும் என்பதே அவன் மதம். உழைப்பாளியின் காவியம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நாவலின் முற்பகுதியில் வரும் இந்தக் கட்டத்தைப் பாருங்கள். கர்ப்பிணி மனைவி ரோசாவுக்குத் துணையாக ஓர் ஆட்டை விட்டுவிட்டுப் போகிறான். தனிமையும் பயமும் இறைச்சி ஆசையும் சேர்ந்து அவள் அதை அறுத்துத் தின்றுவிடுகிறாள். திரும்பி வந்தவன் ஆடு தொலைந்துவிட்டதாக நம்பி, கடும் குளிரில் தேடிக் கிளம்புகிறான். நடுவில் ஒரு கலைமான் முதுகில் ஏறி, அது அவனைக் குளிர்ந்த ஆற்று நீருக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. எப்படியோ உயிர் தப்பி வீட்டுக்கு வந்தால், பிரசவத்தில் மனைவி செத்துக் கிடக்கிறாள். பிறந்த குழந்தை நாயின் உடற்சூட்டில் உயிரோடு இருக்கிறது. உதவி கேட்கப் பழைய எசமான் வீட்டுக்குப் போகிறான். போனவன் வாயைத் திறந்து கேட்க வேண்டியதுதானே? கேட்டால் சுதந்திரம் போய்விடுமே! ஊர்க்கதை பேசுகிறான், செய்யுள் பேசுகிறான், சுற்றி வளைத்துச் சுற்றி வளைத்துக் கடைசியில்தான் விஷயத்துக்கு வருகிறான்.

வாசகனுக்குச் சிரிப்பு வருகிறது, சிரித்ததற்காகக் கூசவும் செய்கிறது. லாக்ஸ்னஸிடமிருந்து யாராவது ஏதாவது கற்றார்களா என்று தேடுவதானால் இந்த இடத்தில்தான் தேட வேண்டும். துக்கத்தின் நடுவில் ஒரு கிண்டல். அந்தக் கிண்டலுக்குள் ஆளை வெறுக்க முடியாத ஒரு பரிவு. பிடிவாதக்காரன் ஒருவன் பனியில் நடப்பதெல்லாம் கணக்கில் வராது.

இன்றைய ஐஸ்லாந்து எழுத்தாளர் யோன் கால்மன் ஸ்டெஃபான்சனை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். அவருடைய 'சொர்க்கமும் நரகமும்' (2007) நாவலில் ஒரு மீனவ இளைஞன் மில்டனின் வரிகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்த மும்முரத்தில் மழைக்கோட்டை மறந்துவிட்டுப் படகேறி, கடலில் விறைத்துச் சாகிறான். கவிதைக்காக உயிர்விடும் ஏழை என்றதும் லாக்ஸ்னஸின் 'உலகின் ஒளி' நாவல் நினைவுக்கு வரும், வரட்டும். ஆனால் ஸ்டெஃபான்சனின் குரல் உருகுகிற குரல். லாக்ஸ்னஸோ தன் ஏழைக் கவிஞனைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருப்பார். கரு பக்கத்தில் இருக்கிறது, தொனி வெகுதூரம். இதைக் கவனிக்காமல் வாரிசு என்று எழுதினால் இருவரையுமே படிக்கவில்லை என்று அர்த்தம். (போகிற போக்கில்: ஐஸ்லாந்தில் ஸ்டெஃபான்சன் என்பது தகப்பன் பெயர்தான், குடும்பப் பெயர் இல்லை. அங்கே அவரை யோன் கால்மன் என்பார்கள். லாக்ஸ்னஸை ஹால்டோர் என்றே குறிப்பிடுவதும் அங்கே சாதாரணம். லாக்ஸ்னஸ் என்பது அவர் வளர்ந்த பண்ணையின் பெயர்.)

ஒரே ஒரு லாக்ஸ்னஸ் இருந்தார் என்று நினைத்துக்கொள்வதும் தவறு. 1923இல் கத்தோலிக்கரானார், பிறகு சோஷலிஸ்ட், பிறகு சோவியத் ஆதரவாளர், முதுமையில் சீனத் தாவோ தத்துவத்தின் பக்கம் சாய்ந்தார். 1968இல் வந்த 'பனியாற்றின் கீழ்' நாவலில், இறந்தவர்களைப் புதைக்காமல் ஸ்டவ் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கும் பாதிரியாரை விசாரிக்க ஒரு இளைஞன் டேப் ரெக்கார்டரோடு வருகிறான். அமெரிக்க விமர்சகர் சூசன் சொண்டாக் தன் கடைசி நாட்களில் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான். இதைப் படித்து வளர்ந்த எழுத்தாளனிடம் போய் பியார்தூரைத் தேடினால் எப்படிக் கிடைப்பான்?

ரசிகர்களை மட்டும் விசாரிப்பது நான் அதிகம் பார்க்கிற குறை. சண்டை போட்டவர்களிடம்தான் தாக்கத்தின் ஆழம் தெரிகிறது. 1966இல் ஐஸ்லாந்து எழுத்தாளர் குட்பெர்குர் பெர்க்ஸன் 'தோமாஸ் யோன்ஸன்' நாவலில் ஒரு கிழவரின் குழறலான குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, லாக்ஸ்னஸ் நிலைநாட்டியிருந்த காவிய நாவல் வடிவத்தையே உடைத்தார். லாக்ஸ்னஸ் 1998இல் இறந்தார். மூன்றே ஆண்டுகளில் ஹால்க்ரிமுர் ஹெல்காஸனின் 'ஐஸ்லாந்தின் ஆசிரியர்' வந்தது. செத்துப்போன பெரிய எழுத்தாளர் ஒருவர் தான் எழுதிய நாவலுக்குள்ளேயே கண் விழிக்கிறார், தான் படைத்த குடியானவனோடு மாட்டிக்கொள்கிறார். அது யார் என்று ஐஸ்லாந்தில் ஒருவருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஸ்டாலின் காலத்து விவகாரத்தையும் நாவல் விடவில்லை. 1938இல் மாஸ்கோவில் தன் கண்ணெதிரே ஒரு பெண் கைதானதை லாக்ஸ்னஸ் 1963வரை எழுதாமலே இருந்தவர். புகழ்மாலைகளை விட இந்த நாவல் அவரைக் கூர்மையாகப் படித்திருக்கிறது என்பது என் எண்ணம்.

பின்னட்டைப் பாராட்டுகளைச் சான்றாக எடுப்பது இன்னொரு வழக்கம். 'சுதந்திர மக்கள்' 1946இல் அமெரிக்காவில், உறுப்பினர்களுக்கு மாதம் ஒரு நூலைத் தேர்ந்து அனுப்பும் புத்தக மன்றத்தின் தேர்வாகி லட்சக்கணக்கில் விற்றது. பிறகு பல பத்தாண்டுகள் அச்சிலேயே இல்லை, 1997இல்தான் மறுபதிப்பு. இடைப்பட்ட காலத்தில் உருவான அமெரிக்க எழுத்தாளர் ஒருவர் இன்று அதைப் போற்றுகிறார் என்றால், பெரும்பாலும் தன் நடை படிந்த பிறகு படித்துப் பிடித்துப்போனதாகவே இருக்கும். பிடிப்பது வேறு, பாதிப்பது வேறு.

லாக்ஸ்னஸின் 'சால்கா வால்கா'வின் கதையும் இதே மாதிரிதான். ஒரு மீனவக் கிராமத்தில் தாயோடு வந்திறங்கும் சிறுமி வளர்ந்து தொழிலாளர் போராட்டத்துக்குள் வரும் நாவல் அது. 1936இல் வந்த ஆங்கில வடிவம் டேனிஷ் வழியாகச் செய்யப்பட்டது. ஐஸ்லாண்டிக்கிலிருந்து நேரடியாகப் பிலிப் ரௌட்டன் மொழிபெயர்த்தது 2022இல்தான் வந்தது. லாக்ஸ்னஸ் உலகம் என்றாலே ஆண்களும் ஆடுகளும் என்ற எண்ணம் ஆங்கில வழியாகப் படிக்கும் நமக்கு ஒட்டிக்கொண்டதில் இதற்கும் பங்குண்டு. இன்றைய ஐஸ்லாந்து எழுத்தாளர் அவுதுர் ஆவா ஓலாஃப்ஸ்டோட்டிர் 'மிஸ் ஐஸ்லாந்து' நாவலில், 1963இன் ரெய்க்யாவிக்கில் எழுத வந்த பெண்ணை ஆண் கவிஞர்கள் நடுவில் நிறுத்துகிறார். அதை லாக்ஸ்னஸோடு ஒப்பிட்டு எழுத நினைப்பவர், பியார்தூரை ஓரமாக வைத்துவிட்டு முதலில் சால்காவை எடுத்துப் படிக்கலாம்.