மிச்சூரின்ஸ்க்குக்குப் புதிதாக வருகிறீர்களா?

மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே சுமார் 400 கி.மீ. தள்ளி, தம்போவ் மாநிலத்துக் கரிசல் மண்ணில் இருக்கிற ஊர். 1932 வரை இதன் பெயர் கோஸ்லோவ். 1866-இல் ரயில் வந்தது. அந்த ரயில்வேயில் எழுத்தராக இருந்துகொண்டே பழமரங்களை ஒட்டுக்கட்டிப் பார்த்தவர் இவான் மிச்சூரின்; ஊர்ப்பெயர் அவருடையது. எஞ்சின் பழுதுபார்க்கும் ஆலை, வேளாண் பல்கலைக்கழகம், ஆப்பிள் தோட்டங்கள்: ஊரின் பிழைப்பு இவற்றைச் சுற்றித்தான்.

டிக்கெட் எடுக்கும்போதே கவனம். இங்கே உரால்ஸ்கி, வரோனெஷ்ஸ்கி என இரண்டு ஸ்டேஷன்கள். தம்போவ் பக்கம் போகும் மாஸ்கோ ரயில்கள் உரால்ஸ்கியில் நிற்கும். டிக்கெட்டில் முழுப்பெயரைப் பார்க்காமல் டாக்ஸி சொன்னால் வண்டி ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம்.

வீடு பார்க்கையில் வாடகைக்கு முன்னால் கேட்க வேண்டியது, "ரெகிஸ்ட்ராட்சியா செய்து தருவீர்களா?" வந்து 7 வேலை நாளுக்குள் உங்கள் வருகையைப் பதிவு செய்ய வேண்டியது வீட்டுக்காரர் அல்லது விடுதியின் பொறுப்பு. தயங்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. அங்கே அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பதிவில்லாவிட்டால் அபராதம் உங்கள் தலையிலும் விழும். நாட்டுக்குள் நுழைந்ததற்கு விமான நிலையத்தில் தரும் மைக்ரேஷன் அட்டையைத் தொலைக்கக் கூடாது. நம் ஊர் வங்கி தந்த விசா, மாஸ்டர் கார்டுகள் இங்கே வேலை செய்யாது. கையில் ரொக்கம் வேண்டும். சிம் உடனே கிடைக்காது: ஸ்னில்ஸ் எண் (சமூகக் காப்பீட்டு எண்), கொசுஸ்லூகி (அரசு சேவை இணையதளம்) கணக்கு, பயோமெட்ரிக் பதிவு மூன்றும் முடிந்த பிறகுதான்.

சராசரி வெப்பம் 5 நாள் தொடர்ந்து 8 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் வீடுகளைச் சூடாக்கும் ஊர்ப்பொது ஹீட்டிங் வரும். ஆகவே செப்டம்பர் கடைசியில் வெளியைவிட வீட்டுக்குள் அதிகம் குளிரும். போர்வையைப் பெட்டியின் மேலேயே வையுங்கள். கோடையில் குழாய் பராமரிப்புக்காக வெந்நீர் இரண்டு வாரம் வரை நிற்கும்.

சமையலுக்கு வருவோம். அரிசிப் பாக்கெட்டில் 'ப்ரபாரென்னி' என்றிருந்தால் அது புழுங்கலரிசி. 'க்ருக்லசியோர்னி' உருண்டை அரிசி, சாதம் குழையும். தயிருக்கு ப்ரஸ்தக்வாஷா என்கிற புளித்த பால் சரியாக இருக்கும். உளுந்து கிடைக்காது, கொண்டு வாருங்கள். செப்டம்பரில் சந்தைக்கு வரும் அந்தோனவ்கா ஆப்பிள் நல்ல புளிப்பு. ஊறுகாய்க்கு மாங்காய் இடத்தில் போடலாம். ஆனால் அடுப்பில் வதக்கினால் கூழாகிவிடும். தோலோடு நறுக்கி, கிலோவுக்கு 60 கிராம் உப்பும் மிளகாய்த்தூளும் பிசறி, தாளித்த எண்ணெய் ஆறியதும் ஊற்றுங்கள். ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.