லேண்டிங் கியரில் ஆட்டமா? முதலில் ஸ்பேனரைக் கீழே வையுங்கள்

பிரேக்கை மெதுவாக மிதித்தால் காலடியில் "டக்" என்று ஒரு சத்தம். விட்டால் இன்னொரு "டக்". கிட் வாங்கி நானே கட்டிய ஆர்வி-6 என்ற சின்ன விமானம் 60 மணி நேரம் பறந்த பிறகு இப்படிப் பேச ஆரம்பித்தது. எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கண்ணில் பட்ட நட்டையெல்லாம் இன்னொரு கால் சுற்று இறுக்கினேன். இரண்டு நாள் சத்தமில்லை, மூன்றாம் நாள் திரும்ப வந்துவிட்டது.

காரணம் எளிது. ஆர்வி-6இல் சக்கரத்தைத் தாங்கும் கால் ஒரு கெட்டியான எஃகுக் கம்பி. அதன் மேல் முனை, எஞ்சினைத் தாங்கும் சட்டமான மௌண்டோடு பற்றவைத்த ஒரு குழாய்க்குள் நுழைகிறது. குழாய், கால் இரண்டையும் குறுக்கே துளைத்து ஒரு போல்ட் போகிறது. கால் திரும்பாமல் பிடிப்பது அந்தப் போல்ட்டின் வழவழப்பான தண்டுதான். தண்டுக்கும் துளைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை நட் தொடுவதே இல்லை. அதை முறுக்கிக்கொண்டே போனால் குழாய் நசுங்கும், அவ்வளவுதான்.

என் துளையின் அளவு 0.316 அங்குலம், போல்ட் 0.310. வித்தியாசம் 6 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு. இதெல்லாம் ஒரு அளவா என்று தோன்றும். ஆனால் அந்த 6 தௌ, காலின் மையத்திலிருந்து அரை அங்குலத் தள்ளலில் இருக்கிறது. டயரின் விளிம்பு 7 அங்குலத் தள்ளலில். 14 மடங்கு பெருகி, அங்கே ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் ஆட்டமாகத் தெரியும். கால் சாய்வாக இருப்பதால் கொஞ்சம் குறையலாம். இருந்தாலும் ஒவ்வொரு முறை தரை தொடும்போதும் அந்த இடைவெளியில் எஃகு எஃகை அடிக்கிறது, துளை இன்னும் அகலமாகிறது.

படி 1: தூக்கி நிறுத்துங்கள்

இறக்கையில், விமானத்தைத் தரையோடு கட்டிவைக்கும் டை-டவுன் வளையம் இருக்கும் இடத்தில் ஜாக்கி கொடுத்து, ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் இரண்டு விரல் உயரம் தூக்கினால் போதும். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். காலைக் கழற்றப் போகிறீர்கள் என்றால் ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். எஞ்சினைத் தூக்கும் ஹாய்ஸ்டிலும் ஒரு பிடி இருக்கட்டும்.

படி 2: ஆடுவது எது?

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டயரை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே அசைக்க, இன்னொருவர் விரல் நுனியை மூட்டுகளில் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணைவிட விரலுக்குத்தான் சீக்கிரம் தெரியும். ஒரு பாதி விரல் சக்கரத்திலும் மறுபாதி ஆக்சிலிலும் இருக்கட்டும். அங்கே நழுவினால் பேரிங். அடுத்து ஆக்சிலும் காலும் சேரும் இடம். அதற்கப்புறம் மேலே, காலும் குழாயும் சேரும் இடம். இப்போது டயரை முன்னும் பின்னும் பிடித்து, ஸ்டியரிங் திருப்புவதுபோலத் திருப்பச் சொல்லுங்கள். குறுக்குப் போல்ட்டின் லூஸ் இந்த அசைவில்தான் மாட்டும்.

போல்ட் தலையைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் எண்ணெயோடு குழைந்த பொடி கசிந்திருந்தால், ஒன்றோடொன்று உரசி உதிர்ந்த எஃகுதான் அது. என் வலது காலில் அது இருந்தது. இரண்டு வருடாந்தர ஆய்வில் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டிருக்கிறேன்!

பேரிங்தான் ஆடுகிறது என்றால் வேலை சுலபம். நட் திரும்பாமல் தடுக்கும் கோட்டர் பின்னை எடுத்துவிட்டு, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ஆக்சில் நட்டை இறுக்குங்கள். லேசாகப் பிடிக்கும் உணர்வு வந்ததும் பக்கத்திலிருக்கும் துளைக்கு நேராக்கிப் புதுக் கோட்டர் பின் போடுங்கள்.

படி 3: போல்ட்டை உருவுங்கள்

சக்கரத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டை கொடுத்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். சக்கரம் தொங்கும்போது காலைக் குழாய்க்குள் பிடித்து வைத்திருப்பதே அந்தப் போல்ட்தான். மறந்தால் கால் நழுவி, பிரேக் குழாயையும் இழுத்துக்கொண்டு போகும்.

வெளியே வந்த போல்ட்டைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தண்டில் படிக்கட்டுபோல் தேய்மானம் நகத்தில் தட்டுப்பட்டால் அது குப்பைக்கு. மைக்ரோமீட்டரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விமானங்களில் வழக்கமாகப் போடும் 5/16 அங்குல ஏஎன்5 ரகப் போல்ட்டின் தண்டு 0.309 முதல் 0.312 வரை எங்கேயும் இருக்கலாம், விதி அதை அனுமதிக்கிறது. துளையை இரண்டு திசையில் அளந்து, நீள்வட்டமாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

துளை வட்டமாகவே இருந்து போல்ட் மட்டும் மெலிந்திருந்தால் அதிர்ஷ்டசாலி நீங்கள். என்ஏஎஸ் 6605 போன்ற, தண்டின் அளவு அதிகம் மாறாத நெருக்க அளவுப் போல்ட் ஒன்று வாங்கிப் போட்டாலே போதும்.

படி 4: ரீமர்

என் துளை ஒரு திசையில் 0.316, மறு திசையில் 0.318. தப்பு என்னுடையதுதான். கட்டும்போது ரீமர் வாங்கச் சோம்பல்பட்டு, கடைசி அளவையும் கை டிரில்லிலேயே எடுத்தேன். டிரில் பிட் துளை போடும், வட்டம் போடாது. துளை அளவு தாண்டியும் போகும், மூன்று மூலையாகவும் வரும். ரீமரின் வேலை, இருக்கிற துளையிலிருந்து மெல்லியதாகச் சீவி வட்டமாக்குவது மட்டுமே.

இந்த நிலையில் துளையைப் பெரிதாக்கித் தடித்த போல்ட் போடுவதுதான் வழி. என்ஏஎஸ் போல்ட்டில் எக்ஸ் என்ற எழுத்தோடு வருவதன் தண்டு 1/64 அங்குலம் தடிமன் கூடியது, மரை மட்டும் பழைய அளவே. 5/16இல் அது சுமார் 0.3276 வரும். ஆனால் காலிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம். அதனால் கிட் வடிவமைத்தவர்களிடம் அளவுகளை எழுதி அனுப்பிச் சம்மதம் வாங்குங்கள். அதற்கு முன் ரீமரைத் தொடாதீர்கள். சம்மதம் வந்ததும் போல்ட்டை முதலில் வாங்கி, அளந்து, அதற்கேற்ற ரீமரை வாங்குங்கள்.

கால் குழாய்க்குள் முழுசாக ஏறி, சக்கரம் சரியான கோணத்தில் நிற்கும்போது இரண்டையும் சேர்த்தே ரீம் செய்ய வேண்டும். எஞ்சினுக்குப் பின்னாலிருக்கும் தடுப்புத் தகடான ஃபயர்வாலுக்கும் மௌண்டுக்கும் நடுவே டிரில் நுழையவில்லை. மரை வெட்டும் டேப்பைச் சுற்றும் கைப்பிடியில் ரீமரை மாட்டி, கையாலேயே சுற்றினேன். நிறைய கட்டிங் ஆயில், சீரான அழுத்தம். வெளியே எடுக்கும்போதும் வலப்பக்கமாகவே சுற்றுங்கள். பின்னோக்கிச் சுற்றினால் சீவல் மாட்டி ரீமரின் வாயும் போகும், துளையும் கீறும். எடுக்க வேண்டியது 10 தௌவுக்கு மேல் என்பதால், 0.323இல் ஒரு முறை, கடைசி அளவில் ஒரு முறை என்று இரண்டு ரீமர் போட்டேன். ஒரு துளைக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

பசை ஊற்றி அடைக்கலாம், தகரத் துண்டு செருகலாம் என்றெல்லாம் யோசனை சொல்வார்கள். நான் செய்ய மாட்டேன். உடனே சத்தம் நிற்கும், தேய்மானம் நிற்காது.

படி 5: திரும்ப மாட்டுவது

சீவலைச் சுத்தமாகத் துடைத்து, காலின் மேல் முனையில் மெல்லிய கிரீஸ் பூசி ஏற்றுங்கள். புதுப் போல்ட் கட்டைவிரல் அழுத்தத்தில் பாதி போய், பிளாஸ்டிக் சுத்தியலின் சின்னத் தட்டலில் மீதி போக வேண்டும். மரை துளைக்குள் நிற்கக் கூடாது. புது நைலான் பூட்டு நட் போட்டு, 100 முதல் 140 அங்குல-பவுண்டுக்குள் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். நட் தானாகச் சுற்ற எடுக்கும் விசையை அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். நட்டின் மேலிருந்து மௌண்ட் வரை ஒரு பெயிண்ட் கோடு போடுங்கள். கோடு உடைந்தால் நட் நகர்ந்திருக்கிறது.

அமெரிக்காவில் தானே கட்டிய சோதனை வகை விமானத்தில் யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம். ஆனால் 12 மாதத்துக்கொரு முறை நடக்கும் நிலை ஆய்வில் கையெழுத்துப் போடுபவர், அது நீங்களாகவே இருந்தாலும், புது துளை அளவைக் கேட்பார். பதிவேட்டில் எழுதிவையுங்கள்.

விமானம் தரையில் ஜாகிங் வேகத்தில் ஓடும்போது அதன் கால்கள் முன்னும் பின்னும் நடுங்கினால் அது லூஸ் அல்ல, கம்பிக் காலின் இயல்பான துள்ளல். டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். காலின் பின்பக்கம் நீள மரத்துண்டு வைத்து ஃபைபர் கிளாஸ் சுற்றுவதும் ஆர்விக்காரர்களின் பழைய வைத்தியம்.

வால் பக்கத்துக் கம்பியும் இதே மாதிரி ஒரு குழாய்க்குள் ஒற்றைப் போல்ட்டில்தான் நிற்கிறது. ஜாக்கி போட்ட அன்றைக்கே அதையும் அசைத்துப் பார்த்தேன். 4 தௌ. அடுத்த வாரத்துக்கு வேலை வந்துவிட்டது.